பெயரில்லாத சைக்கிள் பிரேம்

நெய்வேலி நகரியத்துக்குச் சைக்கிள் புதிதன்று. சுரங்கத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் முறை வேலைக்குச் சென்ற தொழிலாளர்கள் அந்நகரின் மர நிழற் சாலைகளில் பல்லாண்டு காலம் சைக்கிள் மிதித்தே ஜீவனம் செய்தார்கள். அது கனமான இரும்பு வண்டி. இப்பொழுது வாலிபர்களின் மனத்தைக் கவர்ந்திருப்பது வேறு ரகம். கார்பன் இழையால் செய்த பிரேம். எடை ஏறக்குறைய ஒரு கிலோ. அதன்மேல் எந்தக் கம்பெனியின் பெயரும் இராது. சீன தேசத்துத் தொழிற்சாலையிலிருந்து அதனை நேரே தருவித்து, சக்கரம், கியர், பிரேக் முதலியவற்றைத் தனித்தனியே வாங்கி, வேக வண்டி ஒன்றைத் தம் கையாலேயே கோத்துக்கொள்ளுவோர் பல நாடுகளிலும் இருக்கிறார்கள். நம் நாட்டிலும் இருக்கிறார்கள். நெய்வேலி வாலிபர் ஒருவர் இக்காரியத்தில் இறங்க எண்ணி நம்மிடம் யோசனை கேட்டால் நாம் என்ன சொல்வது?

இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் உண்டு. அன்னியச் சரக்கு, அதிலும் அநாமதேயச் சரக்கு, அதைத் தொடாதே என்பது ஒரு கட்சி. பெயருள்ள பிரேமின் விலையில் ஒரு சிறு பங்குக்கு அதே பொருள் கிடைக்கும்போது பெயருக்காகப் பணத்தைக் கொட்டுவது மடமை என்பது மற்றது. இரண்டும் பாதி உண்மை என்பது நமது அபிப்பிராயம்.

முதலில் பெயரைப் பற்றிப் பார்ப்போம். தைவானில் 1972-இல் தோன்றிய ஜயண்ட் கம்பெனி பல ஆண்டுகள் பிறர் பெயருக்கே வண்டி செய்து கொடுத்து வந்தது. அமெரிக்காவின் பழம்பெரும் ஷ்வின் கம்பெனியின் பெயர் தாங்கிய வண்டிகளில் பெரும் பகுதி அங்கே உருவானதுதான். செய்தவன் ஒருவன், பெயர் மற்றொருவனுடையது. பிறகு ஜயண்ட் தன் பெயரையே பொறித்துக்கொண்டது. ஷ்வின் 1992-இல் திவாலாயிற்று. இன்றும் மேனாட்டுப் பிரசித்தப் பெயர்களைத் தாங்கிய கார்பன் பிரேம்கள் பெரும்பாலும் தைவானிலும் சீனத்திலும்தாம் வார்க்கப்படுகின்றன. பெயரில்லாப் பிரேமின் அச்சு தொழிற்சாலைக்கே சொந்தம், கேட்டவர்க்கெல்லாம் விற்பார்கள். அதை வாங்கித் தம் பெயரை ஒட்டி இரட்டிப்பு விலைக்கு விற்கும் சிறு வியாபாரிகளும் உண்டு.

இதைக் கேட்டு நாம் ஏளனமாகச் சிரிக்க இடமில்லை. 1949-இல் முருகப்பா குடும்பத்தாரும் ஆங்கில டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியும் கூடி ஸ்தாபித்த சைக்கிள் தொழில் அம்பத்தூரில் வளர்ந்தது. தமிழ்த் தொழிலாளி கையால் உருவான அந்த வண்டிகள் ஹெர்குலிஸ் என்றும், பிலிப்ஸ் என்றும், பின்னர் பி.எஸ்.ஏ. என்றும் வெளிவந்தன. கை நம்முடையது, பெயர் பர்மிங்ஹாம் நகரத்தாருடையது! வேடிக்கை என்னவென்றால், சீனத்திலிருந்து வரும் பெயரில்லாப் பிரேம்கள் பலவற்றில் பெடல் அச்சு திருகும் துவாரத்தின் மரைக்கு இன்றளவும் ‘பி.எஸ்.ஏ. மரை’ என்றே பெயர். பிரிட்டிஷ் துப்பாக்கிக் கம்பெனி ஒன்று வகுத்த அளவு, தைவானையும் சீனத்தையும் சுற்றிக்கொண்டு நெய்வேலிக்கு வந்து சேருகிறது. ஆகையால் பெயரில்லை என்பது மட்டும் ஒரு குற்றமாகாது. புகழ்பெற்ற பெயரைத் திருட்டுத்தனமாக எழுதி விற்கும் போலிப் பிரேமைவிட, பெயரே எழுதாத பிரேம் எத்தனையோ யோக்கியமானது. அது பொய்யாவது சொல்லவில்லை.

நிற்க. பெயருக்குப் பின்னால் இருக்கவேண்டியது ஒன்று உண்டு. அது பொறுப்பு.

கார்பன் பிரேம் இரும்புக் குழாய்களைப் போல் பற்றவைத்துச் செய்யப்படுவதன்று. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாள்களை வெட்டி, எந்தெந்த இடத்தில் எந்தெந்தக் கோணத்தில் எத்தனை அடுக்கு என்ற கணக்குப்படி அச்சினுள் கையால் அடுக்கி, உள்ளிருந்து காற்றழுத்தம் கொடுத்து, சூட்டில் இறுக வைக்கிறார்கள். ஓர் அடுக்கு சுருங்கிப்போனாலும், பிசினில் காற்றுக் குமிழி தங்கினாலும், கோணம் பிசகினாலும் அந்த இடத்தில் பலம் குறையும். மேலே வர்ணம் பூசிவிட்டால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. இரும்பு பெரும்பாலும் வளைந்து காட்டும், கிறீச்சிடும், விரிசல் விட்டு எச்சரிக்கும், தெருமுனைப் பட்டறையில் பற்றவைத்துக் கொண்டு வீடு வந்து சேரலாம். கார்பன் முறியும்போது முன்னறிவிப்பின்றி முறியக்கூடும். நகரியத்தின் அமைதியான வட்டங்களுக்குள் அது நேர்ந்தால் ஒரு சிராய்ப்போடு போகலாம். விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில், கனரக லாரிக்கு முன்னால் முன் போர்க் முறிந்தால் என்னவாகும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

இதற்காகவே ஐ.எஸ்.ஓ. 4210 என்ற சர்வதேசப் பரீட்சை விதிகள் இருக்கின்றன. பெடலின்மீது மாறி மாறி ஒரு லட்சம் முறை பாரம் ஏற்றுவார்கள். 22.5 கிலோ எடையை முன்பக்கத்தில் விழச்செய்து பார்ப்பார்கள். பெரிய கம்பெனி தன் அச்சு ஒவ்வொன்றுக்கும் இந்தப் பரீட்சையைச் செய்துவிட்டே விற்கிறது. வாங்குபவன் பெயருக்கென்று கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு இதற்குப் போகிறது, மற்றொரு பங்கு விளம்பரத்துக்குப் போகிறது. பெயரில்லாத் தொழிற்சாலைகளிலும் நேர்மையானவை பரீட்சை செய்கின்றன, பத்திரமும் அனுப்புகின்றன. ஆனால் அந்தப் பத்திரம் நம் கைக்கு வந்த பிரேமைப் பற்றியதுதான் என்பதற்கு யார் சாட்சி? நமது நாட்டின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளினால் விளையும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் அத்தியாயம் ஒன்றே இருக்கிறது. முகவரி அறியாத உற்பத்தியாளனை எந்த மன்றத்துக்கு அழைப்பது?

கோப்பதைப் பற்றியும் சில வார்த்தைகள். நம் ஊர்ப் பட்டறைக்காரரின் சாமர்த்தியத்தை நாம் குறைத்துப் பேசமாட்டோம். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் அவர் கைக்கு ஈடு கிடையாது, பி.எஸ்.ஏ. மரையில் வலப்பக்கத்துக் கப் இடப்புறமாகத் திருகி இறுகும் என்பதை அவருக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டியதில்லை. எனினும் “நன்றாக இறுக்கு” என்ற இரும்பு வண்டிச் சாஸ்திரம் கார்பனுக்கு விஷம். சீட்டுக் குழாயின் பூட்டும் ஹேண்டில் பூட்டும் பெரும்பாலும் 5 நியூட்டன்-மீட்டர் அளவுக்கே முறுக்கப்பட வேண்டும். அதற்கு அளவு காட்டும் ஸ்பானர் அவசியம். கிரீஸ் தடவினால் சீட்டுக் குழாய் வழுக்கி இறங்கும். வழுக்கியதை நிறுத்த மேலும் இறுக்கினால் கார்பன் நசுங்கும். மணல் போன்ற துகள் கலந்த களிம்பு இதற்கென்றே விற்கிறது. மேல் குழாயைப் பட்டறைப் பிடியில் மாட்டி இறுக்குவதும் கூடாது. ஆயிரக்கணக்கில் செலவழித்த வாலிபர் இந்த ஸ்பானருக்கு மட்டும் கஞ்சத்தனம் செய்வாரானால் அவரை நாம் புத்திசாலி என்று சொல்லோம்.

சுதேசி வாதிகளுக்கும் ஒரு வார்த்தை. வெளிநாட்டு உறுப்புக்களைக் கோப்பது இழிவென்றால் நெய்வேலியே இழிவாகும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்துக் கிணற்று நீரோடு கரிய பொருள் வருவதைக் கவனித்துச் சர்க்காருக்கு அறிவித்தார். 1956-இல் கார்ப்பொரேஷன் ஏற்பட்டது. அடுத்த ஆண்டு பண்டித நேரு சுரங்கத்தைத் துவக்கி வைத்தார். மண் வெட்டிய ராட்சதச் சக்கர யந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. 1962-இல் மின்சாரம் தந்த நிலையம் சோவியத் உதவியோடு எழுந்தது. அதனால் நமக்கு ஒரு மானக்கேடும் உண்டாகவில்லை. அந்த யந்திரங்களைச் சோதித்து ஏற்கவும், கேள்வி கேட்கவும், பதில் பெறவும் நம் எஞ்சினியர்கள் இருந்தார்கள்.

நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியும் இந்தக் கார்பனும் ஒன்றென்று யாரும் மயங்க வேண்டாம். ஜப்பானிய விஞ்ஞானி அகியோ ஷிண்டோ 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காட்டிய வழியில், செயற்கை நூலிழையைச் சுட்டுக் கரியாக்கியே இப்பொழுது பெரும்பாலும் கார்பன் இழை செய்கிறார்கள். நிலக்கரித் தாரிலிருந்து செய்யும் முறையும் ஜப்பானில் நடைமுறையில் இருக்கிறது. பழுப்புக் கரியைச் சுட்டு ‘லெக்கோ’ என்ற அடுப்புக் கரி செய்து தமிழ்நாட்டு வீடுகளுக்கு அனுப்பிய ஊர் நெய்வேலி, அத்தொழிலும் மூடப்பட்டுவிட்டது. இழை விஷயத்தில் நம்மவர்க்கு அறிவில்லை என்றும் சொல்லமுடியாது. ராமேசுவரத்து அப்துல் கலாம் 1990-களில், ஏவுகணைக்காக வளர்த்த இலேசான கலப்புப் பொருளைக் கொண்டு, ஹைதராபாத் வைத்தியசாலைக் குழந்தைகளின் 3 கிலோ கால் தாங்கியை 300 கிராமாக்கிக் கொடுக்கச் செய்தாரல்லவா?

எனவே வாலிபருக்கு நமது பதில் இது: தாராளமாகக் கோத்துக்கொள்ளலாம், தனியாக வேண்டாம். ஒரு லட்சம் முறை பாரம் ஏற்றும் பரீட்சைக்குப் போன பிரேமை மீண்டும் சாலையில் ஓட்டத் தகாது. ஆகையால் ஒற்றைப் பிரேம் வாங்கியவன் தன்னுடையதைச் சோதிக்கவே முடியாது. நெய்வேலி, கடலூர், புதுச்சேரி சைக்கிள் பிரியர்கள் கூட்டுறவு முறையில் ஒரே தொழிற்சாலையில், ஒரே அச்சில், ஒரே தவணையில் இருபது பிரேம்கள் தருவிக்கட்டும். அதில் ஒன்றைத் தாங்களே பொறுக்கிப் பரீட்சைக்குப் பலி கொடுக்கட்டும். லூதியானாவில் சைக்கிள் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அம்பத்தூரில் எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் இருக்கிறது. கிண்டியில் 1968 முதல், இப்பொழுது மத்திய பெட்ரோகெமிக்கல் பொறியியல் தொழில்நுட்ப நிறுவனம் எனப்படும் ஸ்தாபனம் இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே தனி மனிதரும் சிறு சங்கமும் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளும் வாசல் ஒன்றைத் திறக்கும்படி சர்க்காரைக் கேட்கிறோம். மீதி பத்தொன்பதையும் சிதைக்காமல் ஒலியலை கொண்டு சோதிக்கலாம். கொதிகலன் குழாய்களை அவ்விதம் பார்ப்பது அனல் மின் நிலையங்களில் அன்றாட வேலை. கார்பனுக்கு வேறு கருவியும் வேறு பழக்கமும் வேண்டுமாயினும், அந்தப் பயிற்சியைப் பெறுவதற்கு நெய்வேலியைவிடத் தகுந்த ஊர் எது? சுரங்கத்துக்காக நிலம் கொடுத்த கிராமங்களின் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்க என்.எல்.சி. நிர்வாகத்தார் முன்வரலாம்.

பலியான ஒரு பிரேமின் விலையைப் பத்தொன்பது பேர் பகிர்ந்துகொண்டால், தலைக்கு நூற்றுக்கு ஐந்து ரூபாய்க்குச் சற்று மேல் கூடும். பரீட்சைக் கட்டணம் தனி.