பழைய சுவருக்குச் சிமெண்டு பூசலாமா?

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் நடுவே மண்டகப்பட்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே பாறையைக் குடைந்து ஒரு கோயில் அமைத்திருக்கிறார்கள். அமைத்தவன் மகேந்திரவர்ம பல்லவன். 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட அரசன்.

அங்கே ஒரு கல்வெட்டு உண்டு. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல், பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்ததாக அரசன் அதில் பெருமையோடு சொல்லி இருக்கிறான்.

இதில் இருந்து என்ன தெரிகிறது? அவன் காலத்துக்கு முன்பு கோயில் என்றால் செங்கலும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும்தான். 1,400 ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டில் சுண்ணாம்பு வேலையில் கை தேர்ந்தவர்கள் இருந்தார்கள். அதற்கு அந்தக் கல்வெட்டே சாட்சி!

அரசன் சுண்ணாம்பை ஒதுக்கினான். ஆனால் சுண்ணாம்பு நம்மை விட்டுப் போகவில்லை. அவன் வழி வந்த ராஜசிம்மன், பனமலையில் கற்கோயில் கட்டினான். அதன் சுவரில் சுண்ணாம்பு பூசி, அதன் மேல் உமாதேவியின் ஓவியத்தைத் தீட்டினார்கள். 1,300 ஆண்டுகள் ஆகியும் அதில் ஒரு பகுதி இன்றும் இருக்கிறது. செஞ்சிக் கோட்டையின் பல அடுக்குக் கல்யாண மகாலும் நெற்களஞ்சியங்களும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்து நிற்பவையே.

2025-ம் ஆண்டு ஜூலை மாதம், மராட்டியரோடு தொடர்புடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். பெருமை வந்துவிட்டது. பொறுப்பும் கூடவே வந்திருக்கிறது.

கல் மீண்டும் கல்லாகிறது

சுண்ணாம்பின் கதை அதிசயமானது. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் போட்டு, சுமார் 900 டிகிரி சூட்டில் சுடுகிறார்கள். அப்போது கரியமில வாயு வெளியேறி விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ சுட்டால், மிஞ்சுவது 56 கிலோ. மற்ற 44 கிலோ காற்றோடு போய்விடும்.

சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்துப் பூத்துப் போகும். அதை மணலோடு சேர்த்து அரைத்தால் காரை. சுவரில் பூசிய பிறகு, அது காற்றில் இருந்து அதே கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துக் கொள்கிறது. மறுபடியும் கல்லாகி விடுகிறது! இதற்கு வாரங்கள் ஆகும், மாதங்கள் ஆகும். சுவர் கனமாக இருந்தால் ஆண்டுகளும் ஆகும்.

நம் கொத்தனார்கள் இதில் பல கைப்பக்குவம் கண்டார்கள். ஈரம் படும் இடத்தில் செங்கல் தூளைச் சேர்த்தார்கள். கடுக்காய் ஊறிய நீரையும் வெல்லத்தையும் கலந்தார்கள். காரை குழைவாக வந்தது, வெடிப்பு குறைந்தது. சீனாவில் மிங் வம்சத்தார் கோட்டை மதில் கட்டும்போது அரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் கலந்தார்கள். ரோமாபுரியில் எரிமலைச் சாம்பலைக் கலந்தார்கள். அங்கே பாந்தியன் கோயிலின் பெரிய கூரை 1,900 ஆண்டுகளாக நிற்கிறது. ஊர் வேறு, கலவை வேறு. அறிவு ஒன்றுதான்.

மூன்று பகைவர்கள்

சுண்ணாம்புச் சுவருக்குப் பகைவர் மூவர்: தண்ணீர், உப்பு, செடி.

மழைநீர் தேங்கினால் காரை கரையும். கோபுரத்தில் பறவை போட்ட ஆல விதை முளைத்தால், அதன் வேர் சுவரைப் பிளக்கும். உப்பு செய்யும் வேலையை மரக்காணம் உப்பளம் பார்த்தவர்கள் எளிதில் புரிந்து கொள்ளலாம். வெயிலில் தண்ணீர் போகும், உப்பு தங்கும். சுவருக்குள்ளும் அதே கதைதான். தரையில் இருந்து ஏறிய ஈரம் உலரும்போது, உள்ளே உப்பு படிந்து வளர்ந்து காரையைப் பொரிய வைக்கும்.

இந்த மூன்றும் பழைய பகைவர்கள். இப்போது நாலாவதாக ஒன்று, நண்பன் வேடத்தில் வந்திருக்கிறது. அதுதான் சிமெண்டு.

சிமெண்டு கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. 1824-ல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற அந்தப் பொருள், உலகையே மாற்றியது. புது வீட்டுக்கும் பாலத்துக்கும் அது வேண்டும். ஆனால் பழைய சுவர் மூச்சு விடும் சுவர். உள்ளே போன ஈரம் காரை வழியாக வெளியேற வேண்டும். மேலே சிமெண்டைப் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரமும் உப்பும் செங்கல்லில் தங்குகின்றன. சில ஆண்டுகளில் சிமெண்டு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். விழும்போது பழைய செங்கல்லையும் சேர்த்து இழுத்துக் கொண்டு போகும்!

என்ன செய்ய வேண்டும்?

வைத்தியர் நாடி பார்ப்பது போல, முதலில் பழைய காரையில் ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதிக்க வேண்டும். நீர்த்த அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு நுரைத்துக் கரையும், மணல் மிஞ்சும். எத்தனை பங்கு சுண்ணாம்பு, எத்தனை பங்கு மணல் என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். அதே கலவையைச் செய்து, மெல்லிய பூச்சாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டுக் காக்க வேண்டும். அவசரம் கூடாது.

ஆனால் யார் பூசுவது? இன்று இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் சிலரே. பெரும்பாலும் வயதானவர்கள். அவர்கள் கைவேலை அவர்களோடு போய்விட்டால், எந்த நிதி ஒதுக்கியும் அதை வாங்க முடியாது.

ஆகவே, அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்பு வேலையை ஒரு பாடமாக வைக்க வேண்டும். மூத்த கொத்தனார்களையே ஆசிரியராக அமர்த்த வேண்டும். சிமெண்டு வேலைக்கு ஒரு நாள் என்றால், காரை வேலைக்குப் பல நாள். அதற்குத் தக்க கூலியும் கொடுக்க வேண்டும். வயிறு நிறையாத தொழிலை எந்த இளைஞனும் கற்க மாட்டான்.

திண்டிவனம், விழுப்புரம் வட்டாரத்தில் கோயில் திருப்பணி செய்யும் ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும் முன், சுவருக்கு எதைப் பூசப் போகிறோம் என்று கேளுங்கள். தாத்தா கட்டிய மச்சு வீடு வைத்திருப்பவர்களும் இதே கேள்வியைக் கேளுங்கள்.

முன்னோர் கட்டிய சுவர் வெயிலையும் மழையையும் பல நூறு ஆண்டுகள் தாங்கியது. நம்முடைய அவசரத்தையும் அது தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல.