புட் அப், புட் அப் வித்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி போன வாரம் ஆங்கில இலக்கண நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, "புட் அப் வித் என்றால் சகித்துக்கொள், புட் அப் வித் என்றால் சகித்துக்கொள்" என்று உருப்போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் இருக்கிறது.

புதுச்சேரியில் நான் படித்ததெல்லாம் பிரெஞ்சு வழி. 1962-இல் பிரதேசம் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது. பிறகும் எங்கள் பள்ளியில் பிரெஞ்சுதான். ஆங்கிலம் வாரத்துக்குச் சில மணி நேரம் வந்துபோகும் விருந்தாளி. குமாஸ்தா வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது, கோப்புகளெல்லாம் அந்த விருந்தாளி கையில் போய்விட்டன என்று.

சேர்ந்த புதிதில் ஒரு குடும்ப ஓய்வூதியக் கோப்பு என் மேஜைக்குத் திரும்பி வந்தது. ஓரத்தில் அதிகாரி எழுதியிருந்தார்: "ப்ளீஸ் புட் அப் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்." அகராதியைப் புரட்டினேன். புட் அப் வித்: பொறுத்துக்கொள், சகித்துக்கொள். பிரெஞ்சில் 'சுப்போர்த்தே'. சரி, பழைய காகிதங்கள் எப்படி இருந்தாலும் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிட்டேன். பக்கத்து மேஜைக்காரரைக் கேட்டிருக்கலாம். பிரெஞ்சுப் பள்ளிக்காரனுக்கு இங்கிலீஷ் வராது என்று சிரிப்பார்களே என்ற வெட்கம்.

கணவரை இழந்த அந்த அம்மா திங்கட்கிழமைதோறும் வந்து நின்றார். "ஆபீசர் பார்வையில் இருக்கும்மா" என்று நானும் வாய் கூசாமல் சொல்லி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து அதிகாரி கோப்பு எங்கே என்று கேட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. தலைமை எழுத்தர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, 'வித்' புட் அப்போடு சேரவில்லை, பேப்பர்ஸோடு சேருது. பழைய காகிதங்களையும் சேர்த்து என் பார்வைக்கு வைன்னு அர்த்தம்" என்றார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இப்போது யோசித்தால், அதிகாரி 'தி ஃபைல்' என்று இரண்டு சொல்லை நடுவில் எழுதியிருந்தால் குழப்பமே வந்திருக்காது. 'புட் அப் தி ஃபைல் வித் ப்ரீவியஸ் பேப்பர்ஸ்' என்பதை யாரும் சகிப்பு என்று படிக்க முடியாது. அலுவலகச் சுருக்கெழுத்து, தெரிந்தவனுக்குச் சௌகரியம், புதியவனுக்குப் படுகுழி.

என் கட்சி இதுதான்: பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களைப் பட்டியலாக உருப்போடக் கொடுப்பது வீண். புட் அப் என்றால் என்ன என்று கேட்டால் பதில் கிடையாது. எதை என்று கேட்க வேண்டும். குடையையா? விரித்துப் பிடிப்பது. கூடாரத்தையா? அடிப்பது. கையையா? தூக்குவது. விலையையா? ஏற்றுவது. வீட்டை விற்பனைக்கா? அறிவிப்பது. விருந்தாளியையா? இராத்தங்க இடம் கொடுப்பது. 'ஹூ புட் யூ அப் டு திஸ்' என்றால் உன்னை யார் தூண்டிவிட்டது என்று பொருள். 'புட்-அப் ஜாப்' என்றால் முன்கூட்டியே ஜோடித்த நாடகம். ஒரே இரண்டு சொல்தான், பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து நிறம் மாறுகிறது.

நம் 'வை' மட்டும் என்னவாம்? எடுத்து வை, சொல்லி வை, "என்னத்தைச் செய்து வைத்திருக்கிறாய்?" மூன்றிலும் ஒரே 'வை'யா? எந்த அம்மா பிள்ளைக்கு இதற்குப் பட்டியல் போட்டுக் கொடுத்தாள்?

இன்னொன்று. "வேர் ஆர் யூ புட் அப்?" என்று நாம் கேட்டால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அங்கே அது வந்தவர் தற்காலிகமாகத் தங்குவதைக் குறிக்கும். நாமோ சொந்த வீட்டுக்காரரையும் அப்படியே கேட்கிறோம். வெளிநாட்டுக்குக் கடிதம் எழுதும்போது மாற்றிக்கொள்வோம். நமக்குள் பேசும்போது எதற்கு வெட்கம்? கேட்டவருக்கும் புரிகிறது, சொன்னவருக்கும் புரிகிறது. என்னைப் போன்ற பிரெஞ்சுக்காரர்கள் 'ஐ கெனாட் சப்போர்ட் திஸ் ஹீட்' என்று எழுதியதைவிட இது எவ்வளவோ மேல். சுப்போர்த்தே என்றால் பிரெஞ்சில் தாங்குவது, ஆங்கில சப்போர்ட்டோ ஆதரவு. வெயிலுக்கு ஆதரவு தர மறுத்தவர்கள் நாங்கள்!

பேத்தியின் நோட்டில் 'சகித்துக்கொள்' என்ற வரிக்குக் கீழே அந்த அதிகாரியின் குறிப்பை எழுதச் சொல்லி, கதையையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்த அம்மாவுக்குப் பணம் வந்ததா தாத்தா?" என்றாள்.

வந்தது. ஒரு மாதம் தள்ளி.