'முடி' வேறு, 'முடிவு' வேறு! கம்ப்யூட்டரைத் திணற வைக்கும் தமிழ்ப் புள்ளி

மதுரையைச் சுற்றி 'திரு' என்று தொடங்கும் ஊர்கள் எத்தனை! திருப்பரங்குன்றம், திருமங்கலம், திருப்புவனம், திருவாதவூர்.

பஸ் நிலையத்தில் வழி சொல்ல ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டி வந்து, "திருப்புவனம் போகணும்" என்கிறார். 'திரு' என்று காதில் விழுந்ததுமே, திருமங்கலம் பஸ்சைக் காட்டி அனுப்பிவிட்டால் என்ன ஆகும்? ஒரு ஊர் ஒரு திசை; மற்ற ஊர் வேறு திசை. பாட்டி பாடு திண்டாட்டம்தான்!

முழுச் சொல்லையும் கேட்ட பிறகுதான் வழி சொல்ல வேண்டும். இது நமக்குத் தெரியும். கம்ப்யூட்டருக்கு? யாராவது சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். தமிழ் விஷயத்தில் இதைச் சரியாகச் சொல்லிக் கொடுக்க ஆள் போதவில்லை.

வர்ணம் பூசும் வேலை

கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளின் தொகுப்புக்கு 'நிரல்' என்று பெயர். புரோகிராம் என்றும் சொல்வார்கள். ஒரு நிரல் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும். எல்லாம் ஒரே கறுப்பு எழுத்தாக இருந்தால் படிப்பவருக்குக் கண் சோர்ந்து போகும்.

ஆகவே வர்ணம் பூசுகிறார்கள். கட்டளைச் சொல்லுக்கு ஒரு நிறம். எண்ணுக்கு ஒரு நிறம். குறிப்புகளுக்கு வேறொரு நிறம். பார்த்ததும் எது என்னவென்று புரியும். தவறும் சட்டென்று கண்ணில் படும்.

இந்த வேலையைச் செய்யும் பெயர் பெற்ற கருவிகளில் ஒன்று 'பைக்மெண்ட்ஸ்'. கேயோர்க் பிராண்டில் என்ற ஜெர்மானியர் தொடங்கியது. 2006-ம் ஆண்டில் வெளிவந்தது. 500-க்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர் மொழிகளுக்கும் எழுத்து வகைகளுக்கும் இது வர்ணம் பூசுகிறது. விக்கிப்பீடியாவில் நிரல்கள் வண்ண வண்ணமாகத் தெரிவதும் இதன் உதவியால்தான். காசு கிடையாது; யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், திருத்தலாம்.

வர்ணம் பூசுவதற்கு முன்னால், வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்க வேண்டும் அல்லவா? அதற்கு ஒவ்வொரு மொழிக்கும் ஒரு 'லெக்சர்' உண்டு. தமிழில் 'சொல் பிரிப்பான்' என்று வைத்துக்கொள்வோம். அது சரியாகப் பிரித்தால் எல்லாம் சரி. அது தவறினால் எல்லாம் தவறு.

தமிழுக்கும் ஓர் இடம்

இந்தக் கூட்டத்தில் தமிழும் இருக்கிறது. 'எழில்' என்பது தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுதும் மொழி. அமெரிக்காவில் வாழும் என்ஜினீயர் முத்தையா அண்ணாமலை உருவாக்கியது. 2009-ல் அதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்.

எழிலில் அச்சிட வேண்டுமா? 'பதிப்பி' என்று எழுத வேண்டும். நிறுத்த 'நிறுத்து'. விடையைத் திருப்பித் தர 'பின்கொடு'. ஒரு பகுதி முடிந்தது என்பதற்கு 'முடி'. பள்ளிப் பிள்ளைக்கும் புரியும் சொற்கள்!

2016-ல் வெளிவந்த பைக்மெண்ட்ஸ் 2.1 பதிப்பில் எழிலுக்கும் ஒரு சொல் பிரிப்பான் சேர்ந்தது. தமிழுக்குப் பெருமைதான். ஆனால், பெருமையோடு தலைவலியும் வந்தது.

மதுரை 'மத' ஆன கதை

'மதுரை' என்று எழுதுகிறோம். நமக்கு மூன்று எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஐந்து குறிகள்! ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் கொம்பு என்று தனித்தனியே வைத்திருக்கிறது. இது 'யூனிகோடு' என்ற உலகப் பொது முறை.

பைத்தான் என்ற மொழியில்தான் பைக்மெண்ட்ஸ் எழுதப்பட்டிருக்கிறது. 'இது எழுத்துதானா?' என்று சோதிக்க அந்த மொழியில் ஒரு சுருக்கு வழி உண்டு. ஆங்கிலத்துக்கு அது ஜோராக வேலை செய்யும். தமிழுக்கு? ம, த, ர ஆகியவற்றை எழுத்து என்று ஒப்புக்கொள்ளும். கொம்பு, கால், புள்ளி எதையும் எழுத்தாகச் சேர்க்காது! மதுரையை 'மத' என்றும் 'ர' என்றும் இரண்டு துண்டாக வெட்டிவிடும்.

எழிலின் சொல் பிரிப்பானை எழுதியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். அந்தச் சுருக்கு வழியை விட்டார்கள். யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கிய 128 இடங்களில் எது வந்தாலும் எழுத்துதான் என்று விதி செய்தார்கள். இதைவிடக் கண்டிப்பான முறை உண்டு, இந்த எளிய முறையே போதும் என்று குறிப்பும் எழுதி வைத்தார்கள்.

மதுரை பிழைத்தது. ஆனால், அந்த 128 இடங்களில் தமிழ் எண்களும் உண்டு; ரூபாய்க் குறியும் உண்டு. அவையும் 'எழுத்து' ஆகிவிட்டன!

தலைகீழ் வைத்தியம்

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள்.

'முடி' என்பது கட்டளைச் சொல். ஒரு மாணவன் தன் கணக்கின் விடைக்கு 'முடிவு' என்று பெயர் வைக்கிறான். சொல் எங்கே முடிகிறது என்று விதியில் சொல்லாவிட்டால், கம்ப்யூட்டர் 'முடி'யைப் பார்த்ததும் கட்டளை நிறம் பூசிவிடும். 'வு' மட்டும் அநாதையாக நிற்கும். திருப்புவனம் பாட்டியின் கதைதான்!

'சொல்லின் எல்லை வரை பார்' என்று பைத்தானில் ஒரு விதி இருக்கிறதே, அதைச் சேர்த்தால் என்ன? ஆங்கிலச் சொற்களுக்கு அதுதான் மருந்து. தமிழில் அந்த மருந்தே நோயாகிறது. எப்படி?

'முடி' என்ற சொல்லின் கடைசியில் இருப்பது இகரக் குறி. அது எழுத்தே அல்ல என்பது பைத்தானின் எண்ணம். அதை அடுத்த இடைவெளியும் எழுத்து அல்ல. ஆகவே அங்கே எல்லை இல்லை என்கிறது. 'முடிவு' என்ற சொல்லிலோ, இகரக் குறியை அடுத்து 'வ' வருகிறது. அது எழுத்து. ஆகவே அங்கே எல்லை இருக்கிறது என்கிறது! முடிவு என்ன? தனியாக நிற்கும் 'முடி'யை அடையாளம் தெரியாது. 'முடிவு'க்குள் இருக்கும் 'முடி'யைப் பிடித்துக்கொள்ளும்.

சரியான மருந்து எளியதுதான். 'இதை அடுத்துத் தமிழ்க் குறி எதுவும் வரக் கூடாது' என்று நாமே ஒரு விதி எழுத வேண்டும். ஒரே வரி. தமிழ் தெரிந்தவருக்குத்தான் அந்த ஒரு வரி தோன்றும்.

இரட்டைப் பிள்ளைகள்

'பின்கொடு' என்ற சொல்லில் உள்ள 'கொ'வை இரண்டு விதமாகச் சேர்த்து வைக்கலாம். ஒகரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். கொம்பும் காலும் என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கம்ப்யூட்டருக்குள் வேறு வேறு. முதலில் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளாவிட்டால், சரியாக எழுதிய பிள்ளையும், "தவறு" என்ற பதிலைப் பெறும்.

ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் கொடுத்தால் தீராதா? அப்படியும் ஒரு முறை உண்டு. அதன் பெயர் 'டேஸ்-16'. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடையும் அதையும் தர முறைகளாக அறிவித்தது. ஆனால், உலகெங்கும் போன்களிலும் கம்ப்யூட்டர்களிலும் புழங்குவது யூனிகோடுதான். அதைத் திறமையாகக் கையாளுவதே நமக்கு வழி.

விதி தவறினால்...

நிறம் மாறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 2021-ல் நடந்ததைப் பாருங்கள். 'எஸ்.எம்.எல்.' என்ற மொழிக்கான பைக்மெண்ட்ஸ் சொல் பிரிப்பானில் ஒரு கோளாறு வெளியாயிற்று. ஒரு குறிப்பிட்ட சொல்லைக் கொடுத்தால், அது முடிவே இல்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். வேறு சில மொழிகளின் விதிகளோ, வேண்டுமென்றே சிக்கலாக எழுதிய வரியைக் கொடுத்தால் நெடுநேரம் திணறும். கெட்ட எண்ணம் கொண்டவன் இப்படி ஒரு தளத்தையே முடக்க முடியும். 2.7.4 பதிப்பில் இவற்றைத் திருத்தினார்கள். சிறிய விதிதான், ஆனால் காவல்காரன் வேலை.

வேலை கிடைக்குமா?

"எழிலில் நிரல் எழுதினால் சம்பளம் வருமா?" என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வராது. கம்பெனிகளில் கேட்பது ஆங்கிலச் சொற்களால் ஆன மொழிகளைத்தான்.

ஆனால், தமிழ்ச் சொல்லைச் சரியாகப் பிரிப்பது எழிலோடு முடிகிற விஷயம் அல்ல. ரேஷன் கார்டுப் பெயரைத் தேடுவதானாலும், பாடப் புத்தகத்தில் ஒரு சொல்லைத் தேடுவதானாலும், பிழை திருத்துவதானாலும் இதே கொம்பு, இதே கால், இதே புள்ளிதான். இங்கே கற்றுக்கொண்டவருக்கு அங்கேயும் கை கொடுக்கும். அந்தத் திறமைக்குச் சம்பளம் உண்டு.

மதுரையில் என்ஜினீயரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. இலந்தைக்குளத்திலும் வடபழஞ்சியிலும் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் இருக்கின்றன. கடைசி ஆண்டு மாணவர்களுக்குச் செய்முறை வேலை கொடுக்கும்போது, இதையும் ஒன்றாகக் கொடுக்கலாம். முதலில் நூறு தமிழ் வரிகளை எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய விடையைப் பக்கத்தில் குறிக்கட்டும். எங்கே தவறுகிறது என்று பார்க்கட்டும். பிறகு விதியைத் திருத்தி அனுப்பட்டும். செலவு ஒன்றும் இல்லை. திருத்தம் சரியாக இருந்தால் உலகம் முழுவதும் போய்ச் சேரும்.

ஜெர்மனியில் இருப்பவருக்குப் புள்ளியின் அருமை தெரியாதது குற்றம் அல்ல. நமக்குத் தெரிந்தும் சும்மா இருந்தால் அதுதான் குற்றம்.