குவாங்சோவில் வணிகர் பார்க்க வேண்டியது எது?



கொரோனா காலத்தில், 2020-ல் நின்றுபோன இந்தியா - சீனா நேரடி விமானப் போக்குவரத்து 2025 அக்டோபர் 26-ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. அன்று கொல்கத்தாவிலிருந்து கிளம்பிய முதல் விமானம் போன ஊர் குவாங்சோ. பழைய வணிகர்கள் காண்டன் என்று சொன்ன ஊர்தான் அது. அந்தச் செய்தி வந்ததிலிருந்து, "நாமும் ஒரு குழுவாகப் போய் வரலாமே" என்று உறுப்பினர்கள் பலர் கேட்டு வருகிறார்கள். அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் கடைக்காரர்களும் பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறார்கள். போய் வர வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் அங்கே எதைப் பார்க்க வேண்டும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. கைக்காசைச் செலவழித்து, கடையை மற்றவர் பொறுப்பில் விட்டுப் போகிறோம். ஊட்டி, மைசூர் போய் வருவதுபோல் நாலு போட்டோவோடு திரும்பினால் அது நஷ்டக் கணக்கு.

நான் 2019 ஏப்ரலில் அங்கே போய் வந்தேன். பூந்தமல்லியில் பிளாஸ்டிக், ஃபேன்சி சாமான்கள் மொத்த வியாபாரம் செய்பவன் என்பதால், அங்கு நடக்கும் காண்டன் கண்காட்சியைப் பார்ப்பதே முதல் நோக்கம். 1957-ல் ஆரம்பித்து ஆண்டுக்கு இருமுறை நடத்தப்படும் கண்காட்சி அது. 2025 வசந்தகாலக் கண்காட்சிக்கு மட்டும் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு வியாபாரிகள் வந்தார்கள் என்றால் அதன் அளவை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். கண்காட்சிக்கு இரண்டு நாள் போயிற்று. மீதி மூன்று நாளும் சாதாரணச் சுற்றுலாப் பயணியாக ஊரைச் சுற்றினேன். நான் சொல்ல வந்தது அந்த மூன்று நாளில் பார்த்ததைப் பற்றித்தான்.

அண்ணாந்து பார்ப்பதோடு முடிந்துவிடக் கூடாது

குவாங்சோ 2020 கணக்கெடுப்பின்படி 1 கோடியே 86 லட்சம் மக்கள் வாழும் நகரம். அங்கே காண்டன் டவர் என்று 600 மீட்டர் உயரக் கோபுரம் இருக்கிறது. இரவில் படகில் ஏறி ஆற்றில் போனால் இரு கரையிலும் விளக்கு அலங்காரம் கண்ணைப் பறிக்கும். பார்க்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. நம் அண்ணா சாலையில் 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை 1959-ல் திறந்தபோது நம்மவர்களும் அப்படித்தான் அண்ணாந்து பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்ததால் யாருடைய கல்லாவும் நிறைந்ததாகத் தெரியவில்லை.

இன்னும் சிலர், "அங்கே டீக்கடையில்கூடச் செல்போனிலேயே காசு கொடுக்கிறார்கள்" என்று வியப்பார்கள். நம் நாட்டில் 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இன்று நம் கடை வாசலில் பூ விற்கும் அம்மாகூட அட்டையை நீட்டி, "ஸ்கேன் பண்ணுங்க" என்கிறார். இதில் நாம் யாருக்கும் பின்தங்கியவர்கள் இல்லை.

என்னை நிறுத்திப் பார்க்க வைத்தது வேறு. அது உயரத்தில் இல்லை, தரையில் இருந்தது.

கடை வாசலில் ஒரு நிழல்

குவாங்சோவின் பழைய நகரப் பகுதியில் ஷாங்ஷியாஜியு என்று ஒரு கடைவீதி உண்டு. துணி, செருப்பு, தின்பண்டம் என்று நம் ஊர்க் கடைவீதி மாதிரியேதான். ஆனால் அங்கே கட்டடங்களின் மேல்மாடி முன்னால் நீண்டு, தூண்களின் மேல் நிற்கிறது. அதன் கீழே கடைகளுக்கு முன்னால் பொது நடைபாதை ஓடுகிறது. நம் பழைய வீட்டுத் தாழ்வாரத்தைத் தெருப் பக்கமாகப் போட்டு, வீட்டுக்கு வீடு சுவர் வைக்காமல் ஒரே நீளமாக இணைத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கிறது.

சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, பழைய கோட்டைச் சுவரை இடித்து அகலமான சாலைகள் போட்ட காலத்தில் வந்த ஏற்பாடு இது. கீழே பொதுமக்களுக்கு நடக்க வழி விட வேண்டும். அப்படி விட்டவர் அந்த வழிக்கு மேலேயே மாடி கட்டிக்கொள்ளலாம். வியாபாரிக்கு நன்றாகப் புரியக்கூடிய பேரம். சிங்கப்பூரில் ராஃபிள்ஸ் காலத்திலேயே, 1822-ல், கடைகளுக்கு முன்னால் இப்படி மூடிய நடைபாதை விட வேண்டும் என்று விதி செய்தார்கள். அங்கு போய்க் கடை வைத்த நம் தமிழ் வணிகர்களும் அந்த நிழலில்தான் தொழில் செய்தார்கள்.

குவாங்சோவின் தட்பவெப்பம் ஏறக்குறைய நம்முடையதுதான். வெயிலும் புழுக்கமும் உண்டு. மழை வந்தால் கொட்டித் தீர்க்கும். ஒரு மாலை நான் அந்த வீதியில் இருந்தபோது பெரிய மழை பிடித்துக்கொண்டது. ஒரு செருப்புக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். கூட்டம் கலையவில்லை. குடை இல்லாதவர்களும் தூண்களுக்கு உள்பக்கமாகவே அடுத்த கடை, அதற்கடுத்த கடை என்று போய்க்கொண்டிருந்தார்கள். மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண்மணி, நின்ற இடத்திலேயே இரண்டு ஜோடிச் செருப்பு வாங்கினார். நம் டிரங்க் ரோட்டில் நாலு தூறல் விழுந்தால் என்ன நடக்கிறது? கிராக்கி வீட்டுக்குப் போய்விடும். நாம் சாக்கை இழுத்து மூடிக்கொண்டு வானத்தைப் பார்க்கிறோம்.

பெய்ஜிங் சாலை என்ற மற்றொரு கடைவீதியில் நடுத்தெருவில் கண்ணாடி பதித்திருக்கிறார்கள். 2002-ல் தோண்டியபோது கீழே பழைய சாலைகள் 11 அடுக்குகளாகக் கிடைத்தனவாம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்ட சாலைகள். அவற்றைக் கண்ணாடி வழியே பார்க்க வைத்திருக்கிறார்கள். நம் ஊரிலும் சாலை அடுக்கடுக்காகத்தான் உயர்கிறது. வித்தியாசம் என்னவென்றால், நம் ஊரில் அதைப் பார்க்கக் கண்ணாடி தேவையில்லை. மழை பெய்தால் தண்ணீர் கடைக்குள் வந்து சொல்லிவிடும்.

ரயில் இரு பக்கமும் ஓடும்

இதை ஏன் இப்போது சொல்கிறேன் என்றால், நம் வாசலுக்கு மெட்ரோ ரயில் வருகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை சுமார் 26 கிலோமீட்டர் பாதை. பூந்தமல்லிப் பகுதியில் 2025 மார்ச்சில் முதல் சோதனை ஓட்டம் நடந்தது. கோயம்பேட்டிலிருந்து ஆவடி வழியாகப் பட்டாபிராம் வரை மற்றொரு பாதைக்கும் திட்ட அறிக்கை தயாராகியிருக்கிறது. குவாங்சோவில் முதல் மெட்ரோ ஓடியது 1997-ல், சென்னையில் 2015-ல். அவர்களுக்கு இன்று 600 கிலோமீட்டருக்கு மேல் பாதை இருக்கிறது. தாமதமானாலும் நமக்கும் வருகிறது, மகிழ்ச்சி.

ஆனால் ரயில் இரு பக்கமும் ஓடும் என்பதை மறந்துவிடக் கூடாது. தி.நகர்க்காரரை அது பூந்தமல்லிக்குக் கொண்டுவரலாம். பூந்தமல்லிக்காரரைத் தி.நகருக்குக் கொண்டுபோகவும் செய்யலாம். எது நடக்கும் என்பதை, நிலையத்தின் படியில் இறங்கும் மனிதர் எடுத்து வைக்கும் முதல் நூறு அடிதான் முடிவு செய்யும். ரயிலில் வருபவர் பைக்கில் வருபவர் இல்லை, கால்நடையாக வருபவர். கையில் குழந்தையுடன் ஒரு தாய் இறங்கினால், நடக்க இடம் இருக்கிறதா, பேருந்துக்குப் பயப்படாமல் போக முடியுமா, அவசரத்துக்கு ஒரு கழிப்பறை இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் அடுத்த ரயிலில் ஏறி எங்கே வசதியோ அங்கே போய்விடுவார். வீட்டிலிருந்தபடியே செல்போனில் ஆர்டர் கொடுப்பது அதைவிடச் சுலபம் என்ற எண்ணமும் அவருக்கு வரலாம்.

"சரக்கை வெளியே அடுக்கினால்தான் கிராக்கி கண்ணில் படும்" என்பது நம்மில் பலர் சொல்லும் நியாயம். வரிசையில் ஒருவர் மட்டும் அடுக்கினால் அது உண்மை. எல்லோரும் அடுக்கினால் யாருடைய சரக்கும் யார் கண்ணிலும் படாது. நடப்பவர் சாலையில் இறங்கி, தலையைக் குனிந்துகொண்டு, வண்டிக்கு வழி விட்டுப் போய்க்கொண்டே இருப்பார். இன்னொன்றும் உண்டு. காலை ஒன்பது மணிக்கு ஒரு கடைக்கு முன்னால் நிற்கும் முதல் மூன்று இருசக்கர வண்டிகள் யாருடையவை? முதலாளியுடையது ஒன்று, வேலையாட்களுடையவை இரண்டு. பத்தடி முகப்பில் பாதியை நாமே அடைத்துவிட்டு, வாடிக்கையாளர் வண்டி நிறுத்த இடமில்லை என்று மனுக் கொடுக்கிறோம்.

தி.நகர் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு, கார் வைத்திருப்பவர்கள் இனி வரமாட்டார்கள் என்ற அச்சம் அங்குள்ள வணிகர்களிடம் இருந்தது. ஒரு மாலை நேரத்தில் போய்ப் பாருங்கள். குடும்பம் குடும்பமாக நடக்கிறார்கள். கண்காணிப்பு தளர்ந்தால் நடைபாதையில் வண்டி ஏறிவிடுகிறது என்பதும் உண்மையே. ஆகவே நடைபாதையைப் போட்டால் மட்டும் போதாது, காப்பாற்றவும் ஆள் வேண்டும்.

அப்படியே நகல் எடுக்க வேண்டாம்

"அது சீனா. அரசாங்கம் சொன்னால் மறுநாள் நடந்துவிடும்" என்று சிலர் சொல்லக்கூடும். சரிதான். அங்கே நகர நிலம் முழுவதும் அரசுக்குச் சொந்தம். சந்தையை வேறு இடத்துக்கு மாற்று என்று உத்தரவு வந்தால், கடையடைப்பு நடத்தி எதிர்க்க நம்மைப்போன்ற சங்கம் அங்கே கிடையாது. அந்த நிலைமை நமக்கு வேண்டாம். தள்ளுவண்டிக்காரரை விரட்டியடிக்கும் வழக்கமும் வேண்டாம். நம் நாட்டில் தெருவோர வியாபாரிகளுக்கென்றே 2014-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. அவர்களுக்கு இடம் ஒதுக்க நகர விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் அவர்களுடைய பிரதிநிதிகளும் இருக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அவர்களும் நம் இனம்தான். நம்மில் பலருடைய தந்தையார் தள்ளுவண்டியில் ஆரம்பித்தவர்தான்.

உத்தரவால் அங்கே நடந்ததை நாம் ஒற்றுமையால் செய்ய வேண்டும். அதற்கும் குவாங்சோவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. அங்கு சென் குலத்தார் மண்டபம் என்று அழகான கட்டடம் ஒன்று உண்டு. 1894-ல் கட்டி முடித்தார்கள். அரசன் கட்டிக் கொடுத்ததல்ல. மாகாணத்தின் பல ஊர்களில் இருந்த சென் குடும்பங்கள் பங்கு போட்டுப் பணம் சேர்த்து, பரீட்சைக்கும் மற்ற காரியங்களுக்கும் நகரத்துக்கு வரும் தங்கள் பிள்ளைகள் தங்குவதற்காகக் கட்டியது. அதைக் கேட்டபோது எனக்கு நம் மகமை நினைவுக்கு வந்தது. மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துத்தான் நம் முன்னோர் கிணறு வெட்டினார்கள், சத்திரம் கட்டினார்கள், பள்ளிக்கூடம் வைத்தார்கள்.

ஆகவே மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன்.

முதலாவது, மெட்ரோ நிலையத்தை ஒட்டிய கடைத்தெருக்களில் சரக்கு, போர்டு, நம்முடைய வண்டி மூன்றையும் நாமே உள்ளே எடுத்துக்கொள்வது. நோட்டீஸ் வந்து, ஜே.சி.பி. வந்து எடுப்பதைவிட நாம் எடுப்பது மரியாதை. அதன்பிறகு நகராட்சியிடம் நடைபாதையும் நிழலும் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

இரண்டாவது, மொத்தக் கடைகளுக்கு லோடு இறக்கும் நேரத்தை இரவு பத்து மணிக்கு மேல், காலை எட்டு மணிக்குள் என்று நாமே வகுத்துக்கொள்வது. மொத்த வியாபாரியாகிய எனக்கு இதில் இரவுக் கூலி கூடும். கூடினாலும் பரவாயில்லை. பகலில் லாரி தெருவை அடைத்து நின்றால் சில்லறைக் கடைக்கு வியாபாரம் இல்லை. சில்லறைக் கடை விற்காவிட்டால் என் குடோனிலிருந்து சரக்கு நகராது.

மூன்றாவது, கடைக்கு இவ்வளவு என்று மாத மகமை வைத்து, தெருவுக்கு ஒரு நல்ல கழிப்பறையும் நடைபாதையைப் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளியும் ஏற்பாடு செய்வது. மே 5 வணிகர் தினத்தில் இதைத் தீர்மானமாகவே கொண்டுவரலாம்.

குவாங்சோ போகும் உறுப்பினர்களுக்குக் கடைசியாக ஒரு வேண்டுகோள். கோபுரத்தைப் பாருங்கள், படகில் போங்கள். ஒரு நாள் மட்டும் பழைய கடைவீதிக்கு ஒதுக்குங்கள். பெட்டியில் ஓர் அளவு நாடா இருக்கட்டும். தூணுக்கும் கடை வாசலுக்கும் நடுவே எத்தனை அடி விட்டிருக்கிறார்கள் என்று அளந்து, குறித்துக்கொண்டு வாருங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் முதலில் அந்தக் குறிப்பைப் படிப்போம்.