கேஸ் சிலிண்டருக்குப் போர்வை வேண்டாம், நிழல் வேண்டும்

சித்திரை, வைகாசியில் திருவள்ளூர் மாவட்டத்து வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. திருத்தணியில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வாடிக்கை. கோழிக்குஞ்சுகளுக்கு இரவில் அனல் கொடுக்கவும், களத்தில் ஆட்களுக்குச் சமைக்கவும் வைத்த கேஸ் சிலிண்டர் பகல் முழுவதும் வெளியே நின்று காய்கிறது. அதைப் பளபளக்கும் வெள்ளித்தாளால் சுற்றிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணுகிறார்கள். இது பாதி சரி, பாதி தவறு.

வெண்மையும் பளபளப்பும் வெயிலைத் திருப்பி அனுப்பும் என்பது உண்மையே. ஆலைகளில் உள்ள பெரிய எரிவாயுத் தொட்டிகளுக்கு வெள்ளை வர்ணம் பூசுவது இதனால்தான். ஆனால் அங்கே தண்ணீர் தெளிக்கும் குழாய்களும், சுற்றிலும் காலி இடமும், கண்காணிக்க ஆட்களும் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பக்கத்து வயல்காரர் வெண்மையை மட்டும் பார்த்துப் பின்பற்றினால் பயனில்லை.

சிலிண்டருக்குள் இருப்பது அழுத்தத்தில் திரவமான வாயு. சூடு ஏறினால் அது தண்ணீரைவிடப் பல மடங்கு விரியும். அதற்காகவே சிலிண்டரை முழுக்க நிரப்பாமல் இடம் விடுகிறார்கள். சரியாக நிரப்பிய நல்ல சிலிண்டர் வெயிலால் மட்டும் வெடிப்பது அரிது. ஆனால் அழுத்தம் கூடும்போது தேய்ந்த வாஷரிலும், வெடித்த ரப்பர் குழாயிலும் கசிவு தொடங்கும். ஆபத்து அந்தக் கசிவில்தான் இருக்கிறது. 1984 நவம்பர் 19 அன்று மெக்சிகோ நகரத்துக்கு அருகில் எரிவாயுக் கசிவில் பிடித்த தீயால் தொட்டிகள் வெடித்துச் சுமார் 500 பேர் மாண்டனர்.

தலைவரை போர்த்திய சிலிண்டரில் கசிவு கண்ணுக்குத் தெரியாது. வாயு உள்ளேயே தங்கும். ஈரச் சாக்கு போட்டால் துருவும் பிடிக்கும்.

ஆகவே காற்றோட்டமுள்ள நிழலே சாலச் சிறந்தது. நான்கு கால் நட்டு, மேலே தகரம் போட்டு, அதன்மேல் வெள்ளை அடித்தால் போதும். பக்கங்களை அடைக்கக் கூடாது. கீற்று வேயக் கூடாது. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். இந்த வாயு காற்றைவிடக் கனமானது; பள்ளத்தை நோக்கி இறங்கும். கிணற்று ஓரத்திலும் மோட்டார் அறையிலும் வைப்பது உயிருக்கு உலை வைப்பதாகும். ஸ்டார்ட்டரில் எழும் ஒரு பொறியே போதும்.

சிலிண்டர் வந்தவுடன் கழுத்துப் பட்டையில் உள்ள சோதனைக் கெடுவைப் பார்க்க வேண்டும். பி-27 என்றால் 2027 ஜூன் வரை. இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். கசிவு தெரிந்தால் வால்வை மூடி, விளக்கு, சுவிட்ச் எதையும் தொடாமல் விலகி நின்று, 1906 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பயிருக்குப் பந்தல் போடும் விவசாயப் பெருமக்கள் சிலிண்டருக்கும் ஒரு பந்தல் போடுவது பெரிய செலவல்ல.