ஐந்தாவது கியர் எதற்கு? முதலில் பற்களை எண்ணுங்கள்!



இலக்கணமும் பள்ளிச் செய்திகளும் எழுதும் இடத்தில் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுகிறாரே என்று யாரும் முகம் சுளிக்க வேண்டா. இறுதிவரை படியுங்கள். இது கணிதப் பாடத்தைப் பற்றிய வழக்கு. குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களுள் நானும் ஒருவன்.

என் தந்தையார் விட்டுச் சென்றது 1967ஆம் ஆண்டு டிரையம்ப் பொன்னவில். 650 சி.சி., நான்கு கியர். இங்கிலாந்தின் மெரிடன் தொழிற்சாலையில் பிறந்தது. அத்தொழிற்சாலை 1983இல் மூடப்பட்டுவிட்டது. வண்டி இன்றும் ஓடுகிறது. நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சற்று இரைகிறது என்பது மட்டுமே என் குறை.

பட்டறைக்குக் கொண்டு சென்றேன். உரிமையாளர் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பளித்தார். "பழைய நாலு கியரைக் கழற்றிப் போட்டுட்டு அஞ்சு கியர் வையுங்க வாத்தியாரே, எஞ்சின் அமைதியாயிடும்." செலவு பல ஆயிரம் ரிங்கிட். ஐந்து நான்கைவிடப் பெரியது அல்லவா? நானும் தலையாட்டிவிட்டேன்.

வண்டியை வெளியே தள்ளி வரும்போது, அங்கே வேலை பழகும் இளைஞன் ஒருவன் பின்னாலேயே வந்தான். என் பழைய மாணவன். மெதுவாகச் சொன்னான்: "ஐயா, அஞ்சாவது கியரும் ஒன்றுக்கு ஒன்றுதான், இப்ப இருக்கிற நாலாவதும் ஒன்றுக்கு ஒன்றுதான். இரைச்சல் குறையாதுங்க. முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டினால் போதும்."

ஆறாம் ஆண்டில் இவனுடைய மதிப்பீட்டு அட்டையில் 'கணிதத்தில் மிகப் பின்தங்கியவன்' என்று எழுதியவன் நான்தான்.

கணக்கு இதுதான்

அன்றிரவு தாளை எடுத்து உட்கார்ந்தேன். இவ்வண்டியில் எஞ்சின் பற்சக்கரத்துக்கு 29 பற்கள். கிளட்ச் பற்சக்கரத்துக்கு 58. ஆக, எஞ்சின் இரண்டு முறை சுழன்றால் கிளட்ச் ஒரு முறை சுழலும். கியர்ப்பெட்டியின் வெளிப்புறப் பற்சக்கரத்துக்கு 19 பற்கள், பின்சக்கரத்துக்கு 46. நாற்பத்தாறைப் பத்தொன்பதால் வகுத்து இரண்டால் பெருக்கினால் 4.84. உச்சக் கியரில் பின்சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சின் 4.84 சுற்றுச் சுற்றுகிறது.

இனி ஐந்து கியருக்கு வருவோம். 1972இல் டிரையம்ப் நிறுவனமே 650 பொன்னவில்லுக்கு ஐந்து கியரை விருப்பத் தேர்வாக வழங்கியது. அதன் விகிதங்கள் முதற்கியரிலிருந்து ஏறத்தாழ 2.58, 1.84, 1.40, 1.19, 1.00. பழைய நான்கின் விகிதங்கள் 2.44, 1.69, 1.19, 1.00. இரண்டு வரிசைகளின் கடைசி எண்ணைப் பாருங்கள். இரண்டிலும் ஒன்றுதான்! புதிதாக நுழைந்த கியர் உச்சிக்கு மேலே ஏறி உட்காரவில்லை; நடுவில் புகுந்திருக்கிறது. பல ஆயிரம் ரிங்கிட்டைக் கொட்டிய பிறகும் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் முன்புபோலவே நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,900 முறை சுழலும். அதே இரைச்சல்தான்!

மாறாக, 19 பற்களை 20 ஆக்கினால் விகிதம் 4.60 ஆகும். அதே வேகத்தில் சுழற்சி ஏறக்குறைய 3,700க்கு இறங்கும். விலையோ அந்தப் பெருந்தொகையில் ஒரு சிறு பங்கு.

மறுப்பவர்களுக்கு

ஐந்து கியர் வீண் என்று நான் வாதிடவில்லை. நான்கு கியரில் இரண்டாவதிலிருந்து மூன்றாவதற்கு மாறும்போது 6,000 சுழற்சி 4,200 அளவுக்குச் சரிகிறது. ஐந்து கியரில் அதே இடத்தில் 4,500க்கு மேல் நிற்கிறது. பந்தயத்தில் ஓடுபவனுக்கு அது வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும். ஆனால் நான் பந்தயத்தில் ஓடவில்லை. பள்ளிக்கும் சந்தைக்கும் எப்போதாவது ஈப்போவுக்கும் ஓடுகிறேன்.

பல்லைக் கூட்டுவதற்கும் ஒரு விலை உண்டு. 20 பற்களில் முதற்கியரும் நீண்டுவிடும். மேட்டில் கிளம்பும்போது கிளட்சைக் கூடுதலாக நழுவவிட வேண்டும். இழுவை 5 விழுக்காடு குறையும். கேமரன் மலைக்கு இருவராக ஏறுபவர் 18 பற்களை நாடுவதே அறிவு. அவருக்கு விகிதம் 5.11, இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். 20 பற்களும் வேண்டும், மேட்டில் எளிதாகக் கிளம்பவும் வேண்டும் என்பவருக்குத்தான் ஐந்து கியரின் தாழ்ந்த முதற்கியர் கைகொடுக்கும். அவர் வாங்கட்டும், காரணம் தெரிந்து வாங்கட்டும்! காரணம் தெரியாமல் எண்ணிக்கையைக் கண்டு மயங்கி வாங்குவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

இன்னொன்றையும் அந்த இளைஞனே சொன்னான். சங்கிலியில் உட்கண்ணியும் வெளிக்கண்ணியும் மாறி மாறி வருவதால் கண்ணிகளின் எண்ணிக்கை இரட்டைப்படை. பற்சக்கரம் ஒற்றைப்படையாக இருந்தால் ஒவ்வொரு பல்லும் இருவகைக் கண்ணிகளையும் மாறி மாறிச் சந்தித்துச் சீராகத் தேயும். 20 பற்களில் அந்த நன்மை இல்லை. 19 என்பது சும்மா வந்த எண் அன்று!

ஆசிரியர்களே, பெற்றோர்களே

விகிதம், ஒற்றை, இரட்டை, விழுக்காடு ஆகியவை அனைத்தும் நம் தொடக்கப்பள்ளிப் பாடங்கள். நாம் எப்படிக் கற்பிக்கிறோம்? 'மாலாவிடம் உள்ள மாம்பழங்களுக்கும் கலாவிடம் உள்ள மாம்பழங்களுக்கும் உள்ள விகிதம் 2:3' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, விடை வராத பிள்ளையைப் பின்தங்கியவன் என்கிறோம். அவன் கையில் ஒரு பழைய சைக்கிளைக் கொடுத்துப் பற்களை எண்ணச் சொன்னோமா? மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சக்கரம் எத்தனை சுற்றும் என்று சுண்ணாம்புக்கட்டியால் குறியிட்டுப் பார்க்கச் சொன்னோமா?

தேர்வு நெருக்குகிறது, நேரமில்லை என்று சாக்குச் சொன்னோம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டுவிட்டது. இப்போது என்ன சொல்லப் போகிறோம்?

பெற்றோருக்கும் ஒரு சொல். கையில் கிரீஸ் படிந்தால் படிப்பு கெட்டுவிடும் என்று பையனை அதட்டாதீர்கள். கணக்குத் தெரிந்த ஆசிரியனான நான் தலையாட்டினேன். கணக்கு வராது என்று நான் முத்திரை குத்திய பையன் என் பணத்தைக் காப்பாற்றினான். அவனுக்குக் கணக்கு எப்போதும் வந்திருக்கிறது. அது அவனுக்குள் இருப்பதைக் காண எனக்குத்தான் கண் வரவில்லை.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் வீட்டு முற்றத்தில் இருவரும் அமர்ந்து முதன்மைச் சங்கிலி உறையைத் திறந்து, கிளட்சைக் கழற்றி, அதன் பின்னுள்ள மூடியை எடுத்து, 20 பற்கள் கொண்ட சக்கரத்தைப் பொருத்தினோம். முழு நாள் ஆயிற்று. கழற்றிய 19 பற்சக்கரத்தைத் துடைத்து என் வகுப்பறை மேசையில் வைத்திருக்கிறேன். விகிதப் பாடம் வரும்போது முதலில் அதைத்தான் மாணவர் கையில் கொடுப்பேன்.

அந்த மதிப்பீட்டு அட்டையில் எழுதியதை இனி என்னால் அழிக்க இயலாது. அடுத்த அட்டையில் அப்படி எழுதுமுன் எண்ணிப் பார்ப்பேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள்.