வாட் கணக்கைப் பார்த்து வாக்கி-டாக்கி வாங்கலாமா?

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் வணிகர்கள் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு, நான்கு குடும்பங்களாகச் சேர்ந்து இரண்டு வேன்களில் மலைக்குக் கிளம்புவதுண்டு. இப்போது பயணச் சாமான்களில் வாக்கி-டாக்கியும் சேர்ந்திருக்கிறது. நல்ல பொருள்தான். ஆனால் வாங்குகிற முறைதான் நமக்குச் சம்மதமாக இல்லை. மூட்டையில் கைவிட்டு அள்ளிப் பார்க்காமல் துவரம் பருப்பை இறக்க மாட்டோம். இதை மட்டும் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை நம்பி வாங்கி வருகிறோம்.

கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். ஏறும்போதே 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே போனதும் பெரியவர்கள் அறப்பளீசுவரர் கோயிலில் அமர்ந்துவிட, இளவட்டங்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கி ஆகாயகங்கை அருவிக்குப் போகிறார்கள். கைபேசிக்கு சிக்னல் கிடைத்தால் உண்டு. நடுப்படியில் ஒரு பிள்ளைக்குக் கால் பிசகினால், யாராவது மூச்சு வாங்க ஏறி வந்து சொன்னால்தான் மேலே இருப்பவர்களுக்குத் தெரியும். கருவிக்கு வேலை இங்கேதான்.

இதற்காக ஐந்து வாட் கருவியை இணையத்தில் வாங்கும் உறுப்பினர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டில் எந்த அலைவரிசையிலும் யாரும் பேசிவிட முடியாது. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் இயங்கும் குறைந்த திறன் கருவிகளுக்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய அரசு 2018-ல் விதி செய்தது. குடும்பத்துக்கு ஏற்றது இந்த வகைதான். சக்தி சுமார் அரை வாட். ஏரியல் கழற்ற முடியாதபடி இருக்கும். அமெரிக்காவிலிருந்து மைத்துனர் கொண்டுவரும் ஜோடி 462, 467 மெகாஹெர்ட்ஸில் பேசுவது. அங்கே அது சட்டப்படி சரி, இங்கே அந்தச் சலுகை இல்லை.

அரை வாட் எவ்வளவு தூரம் போகும் என்று கேட்பார்கள். வெட்டவெளியில் இரண்டு மூன்று கிலோமீட்டர் போகலாம். பாறை குறுக்கே வந்தால் வெகுவாகக் குறையும். ஐந்து வாட்டும் மலையைத் துளைத்துக்கொண்டு போகாது. படிக்கட்டின் நடுவில் ஒருவர் கருவியோடு நின்று கீழே கேட்டதை மேலே சொன்னால் போதும், காரியம் முடிந்தது.

விற்கலாமா என்று யோசிக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா, கருவி வகை ஒப்புதல் உண்டா என்று தெரிவிக்காமல் வாக்கி-டாக்கி விற்றதற்காக, 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அவ்வளவு பெரிய தளங்களையே கேட்டவர்கள் மளிகைக் கடை அலமாரியைக் கேட்க மாட்டார்களா? இறக்குமதியாளர் முகவரி, அதிகபட்ச சில்லறை விலை, அலைவரிசை, ஒப்புதல் எண் ஆகியவை இல்லாத பெட்டியை, எத்தனை சதவீதம் லாபம் சொன்னாலும் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வாங்கியபின் வீட்டு வாசலிலேயே ஒருமுறை பேசிப் பாருங்கள். எல்லாக் கருவியிலும் சேனலும் துணைக் குறியீட்டு எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பேச்சு கேட்காது. இந்தக் குறியீடு ரகசியக் காப்பு அல்ல. அதே சேனலில் உள்ள அடுத்த வேன்காரரும் கேட்கலாம். ஆகவே வசூல் கணக்கை அதில் பேச வேண்டாம்! பொத்தானை அழுத்தி ஒரு நொடி பொறுத்துப் பேசவும், இல்லையேல் முதல் சொல் விழுங்கப்படும். ஓட்டுநர் கையில் கொடுக்காதீர்கள், பக்கத்தில் இருப்பவர் பேசட்டும். நம் கடையிலேயே விற்கும் பென்சில் செல்லில் ஓடுவது உசிதம். செல் தீர்ந்தால் எங்கே கூடுவது என்பதையும் கிளம்பும் முன்பே பேசி வையுங்கள்.

வருடத்துக்கு இரண்டு நாள் உபயோகத்துக்கு ஆளுக்கொரு ஜோடி வாங்குவது வீண் செலவு என்றே நாம் கருதுகிறோம். சங்கமே ஆறு கருவிகள் வாங்கி வைத்து, முன்பணம் பெற்றுக்கொண்டு உறுப்பினர் குடும்பங்களுக்குக் கொடுத்து வாங்கலாம். வரும் செயற்குழுக் கூட்டத்தில் இதைப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.